கடைச் செலவை ரொக்கத்தில் நடத்துவது எப்படி

ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர்கள் பலரிடம் கார்டும் இருக்கிறது. அதைத் தேய்க்கவும் தட்டவும் நன்றாகவே தெரியும். இருந்தும் நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறார்கள் என்றால் பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும்: செலவு கைமீறக் கூடாது; கடன் சேரக் கூடாது; வாங்கியது இன்னொருவருக்குத் தெரிய வேண்டாம்; மின்சாரமோ நெட்வொர்க்கோ போன நாளில் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. உங்கள் காரணம் எது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எவ்வளவு எடுப்பது, எந்த நோட்டாக எடுப்பது, எங்கே வைப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்து மாறும்.

செலவைக் கட்டுக்குள் வைக்க

கார்டில் பொருள் கைக்கு வரும் நேரம் ஒன்று, பணம் போவது உறைக்கும் நேரம் வேறொன்று. கிரெடிட் கார்டில் இந்த இடைவெளி பல வாரங்கள் நீளும். பில் வரும்போது முப்பது நாற்பது செலவுகள் ஒரே தொகையாகத் திரண்டு நிற்கும். எது தேவையில்லாமல் வாங்கியது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. டெபிட் கார்டில் பணம் உடனே போய்விடுகிறது என்றாலும் பர்ஸ் அதே கனத்தில்தான் இருக்கிறது. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது மட்டும்தான் வாங்குவதும் இழப்பதும் ஒரே நொடியில் நடக்கின்றன.

டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மேலாண்மை மாணவர்களிடம் இதைச் சோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுகளை ஏலம் விட்டபோது, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்ட விலை, ரொக்கமாகக் கட்டச் சொல்லப்பட்டவர்கள் கேட்டதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அன்றாடச் சாமான் வாங்கும்போதும் இரண்டு மடங்கு செலவாகும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். விலை இன்னதென்று நிச்சயமாகத் தெரியாத பொருளில்தான் கை அதிகம் தாராளமாகிறது. மாதாமாதம் அதே விலைக்கு வாங்குகிற பொருளை ரொக்கத்துக்கு மாற்றினால் பெரிதாக மிச்சம் வராது. ஆசைக்கு வாங்குபவை, வெளியே சாப்பிடுவது, துணிமணி, போகிற போக்கில் கூடையில் விழுவது: முதலில் இவற்றை மாற்றுங்கள்.

தொகையைக் கணக்கிட, கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வாடகை, மின்கட்டணம், தவணை போன்ற நிலையான செலவுகளை அடித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் கடைச் செலவுகளைக் கூட்டி 13-ஆல் வகுத்தால் ஒரு வாரத்துக்கான தொகை கிடைக்கும். மூன்று மாதம் என்பது 13 வாரம். பலர் செய்கிற பிழை, மாதத் தொகையை 4-ஆல் வகுப்பது. ஆண்டுக்கு 52 வாரம் இருப்பதால் அப்படி எடுத்தால் 12 மாதப் பணத்துக்குப் பதில் 13 மாதப் பணம் செலவாகிவிடும். “திட்டம் போட்டும் துண்டு விழுகிறதே” என்று புலம்புகிறவர்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் பல நேரம் இந்த ஒரு மாதம்தான் ஒளிந்திருக்கும்.

முதல் நான்கு வாரத்துக்கு, இப்படி வகுத்துக் கிடைத்த தொகையை அப்படியே எடுங்கள். எடுத்த எடுப்பில் பாதியாக வெட்டினால் வியாழக்கிழமையே பணம் தீர்ந்து, கார்டு மறுபடி வெளியே வந்துவிடும். பழகிய பிறகு பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள்.

வாரத்துக்கு ஒரே நாள், ஒரே முறை பணம் எடுங்கள். டெபிட் கார்டில் மட்டும் எடுங்கள். கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகினால் அது கடன். பொதுவாக அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும், பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லாக் காலம் இதற்குக் கிடையாது. கடனுக்குப் பயந்து ரொக்கத்துக்கு மாறுகிறவர் இந்தப் பள்ளத்தில் விழுந்தால் மாறியதில் பயனே இல்லை.

எடுத்த பணத்தை மூன்று கவர்களுக்கு மேல் பிரிக்க வேண்டாம். எட்டுப் பத்து கவர் வைத்தால் இரண்டாம் வாரமே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்று தொடங்கி, எதில் எவ்வளவு என்ற கணக்கு தொலைந்துவிடும். வீட்டுச் சாமான் ஒன்று, வெளிச்செலவு ஒன்று, சொந்தச் செலவு ஒன்று. கவரின் மேலேயே பென்சிலால் மீதியை எழுதுங்கள்; பழைய எண்ணை அழிக்காமல் அடித்துவிட்டுக் கீழே புது எண் எழுதினால் வாரம் எப்படி ஓடியது என்பது கண்ணுக்குத் தெரியும்.

நோட்டின் மதிப்பும் முக்கியம். ஒரே தொகையைப் பெரிய நோட்டாக வைத்திருப்பவர், சில்லறையாக வைத்திருப்பவரைவிட அதைச் செலவழிக்கத் தயங்குவார் என்று பிரியா ரகுபீர், ஜாய்தீப் ஸ்ரீவஸ்தவா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2009-இல் எழுதினார்கள். சில்லறை மாற்றத் தயங்கும் எவருக்கும் இது தெரிந்த கதைதான். அதனால் வாரப் பணத்தில் பாதியைப் பெரிய நோட்டாகவே கவரில் விடுங்கள், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சின்ன நோட்டாகப் பர்ஸில் வையுங்கள். பெரிய நோட்டை உடைத்துவிட்டால் மிச்சம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்; உடைப்பதை வாரக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள்.

இன்னொன்று: கவர் போட்டுவிட்டு, கார்டைக் கைப்பேசியிலும் ஷாப்பிங் செயலிகளிலும் அப்படியே விட்டுவைத்தால் முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்துவைத்த கதைதான். சேமித்துவைத்த கார்டு எண்களை அழித்துவிடுங்கள். அவசரத்துக்கு ஒரு கார்டு வேண்டும்தான். அது பர்ஸில் வேண்டாம், பையின் உள்ளறையில் இருக்கட்டும். எட்டி எடுக்க ஆகும் அந்தப் பத்து நொடியே பல நேரம் போதும்.

கல்லாவில் நிற்கும்போது

ரொக்கத்தில் பணம் நழுவும் இடம் இதுதான். நோட்டைக் கொடுக்கும்போது அதன் மதிப்பை வாய்விட்டுச் சொல்லுங்கள். “ஐந்நூறு” என்று சொல்லிக் கொடுத்த நோட்டை, பிறகு “நூறுதானே கொடுத்தீர்கள்” என்று மாற்றிப் பேசுவது கடினம். நல்ல காசாளர், மீதி கொடுத்து முடிக்கும்வரை அந்த நோட்டைக் கல்லாவுக்குள் போடாமல் வெளியே வைத்திருப்பார்.

மீதியைச் சரிபார்க்கக் கழித்தல் கணக்கு வேண்டாம், பில் தொகையிலிருந்து மேலே எண்ணுங்கள். பில் 367, கொடுத்தது 500 என்றால்: ஒன்றுகளை வாங்கி 368, 369, 370, பத்துகளை வாங்கி 380, 390, 400, நூறு ஒன்று வாங்கி 500. கொடுத்த தொகையில் வந்து நின்றால் சரி. இடையில் காசாளர் பேச்சுக் கொடுத்தாலோ, இந்தாங்க சில்லறை, அந்த நோட்டை இப்படிக் கொடுங்க என்று நடுவில் மாற்றல் நுழைந்தாலோ, எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணுங்கள். மீதிப் பணத்தில் ஏமாற்றுவது பெரும்பாலும் இப்படி இரண்டு பரிமாற்றத்தை ஒன்றாகக் குழப்பித்தான் நடக்கும். கடையை விட்டு வெளியே வந்தபின் கேட்டால் பலன் இருக்காது.

சில்லறை குவியாமலிருக்க, அதே 367-க்கு 517 கொடுங்கள். சுளையாக 150 திரும்பி வரும். ஆனால் காசாளர் 500 என்று இயந்திரத்தில் தட்டும் முன் 17-ஐயும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். தட்டியபின் நீட்டினால் அவர் தலையில் கணக்குப் போட வேண்டிவரும், பிழையும் அங்கேதான் நுழையும்.

பெரிய நோட்டு மீதியாக வந்தால் விரலால் தடவிப் பாருங்கள், சாய்த்துப் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: தூக்கலான அச்சு, நிறம் மாறும் மை, நீர்க்குறி, பாதுகாப்பு இழை. சில கடைகளில் கோடு போட்டுப் பார்க்கும் பேனாவை முழுதாக நம்ப வேண்டாம். அதிலுள்ள அயோடின் சாதாரணக் காகிதத்தின் மாவுப்பொருளில் பட்டால் கருக்கும், அவ்வளவுதான். மாவுப்பொருள் இல்லாத காகிதத்தில் அடித்த கள்ளநோட்டு அதில் தப்பிவிடும். சந்தேகம் வந்தால் அங்கேயே வேறு நோட்டு கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால் வங்கியில் ஒப்படையுங்கள். நஷ்டம் உங்களுடையதுதான், ஆனால் தெரிந்தே இன்னொருவரிடம் தள்ளிவிடுவது குற்றம்.

கார்டில் வரும் விற்பனைக்குக் கடைக்காரர் பொதுவாகக் கட்டணம் கட்டுகிறார். அதனால் ரொக்கத்துக்குத் தள்ளுபடி தரச் சில கடைகள் தயார். பில் போடும் முன்பே கேளுங்கள். ஆனால் “பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்” என்றால் மறுத்துவிடுங்கள். ரொக்கத்தில் வாங்கியதற்கு அந்தச் சீட்டு ஒன்றே சாட்சி. அது இல்லாமல் மாற்றித் தரவும் மாட்டார்கள், உத்தரவாதமும் செல்லாது. வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால்

கார்டு விவரத்தில் கடையின் பெயர், நாள், தொகை எல்லாம் பதிவாகும். கடை எந்த வகை என்பதற்கு நான்கு இலக்கக் குறியீடும் உண்டு. என்ன பொருள் என்பது வங்கிக்கு வழக்கமாகப் போகாது. ஆனால் மருந்துக்கடை, வழக்கறிஞர் அலுவலகம், நகைக்கடை என்று தெரிந்தாலே கூட்டுக் கணக்கில் கேள்வி வரப் போதும். ஆச்சரியப் பரிசு வாங்குகிறவருக்கும் இது தொந்தரவு. கணக்கைக் கண்காணிக்கும் ஒருவருக்குப் பயந்து வாழ்கிறவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. ரொக்கம் கொடுத்துவிட்டுக் கல்லாவில் கைப்பேசி எண்ணையோ புள்ளிகள் சேரும் கார்டையோ கொடுத்தால், வாங்கிய பொருட்பட்டியல் முழுதும் உங்கள் பெயரில் கடையிடம் சேர்ந்துவிடும். ஏடிஎம்மில் எடுத்த தொகையும் நேரமும் கணக்கில் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். வழக்கமான வாரப் பணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினால் அது தனியாகத் துருத்தாது.

எல்லாம் நின்றுபோன நாளுக்கு

2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மின்சாரம் நின்றபோது கார்டு இயந்திரங்களோடு ஏடிஎம்களும் அணைந்தன. பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. இதற்கான பணத்தை வாரக் கவர்களோடு சேர்க்காமல் வீட்டில் தனியே வையுங்கள்: சில நாள் அத்தியாவசியச் செலவுக்கு மட்டும், முழுக்கச் சின்ன நோட்டாக. அப்படிப்பட்ட நாளில் யாரிடமும் மீதி கொடுக்கச் சில்லறை இருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துச் செலவழித்துப் புதிய நோட்டு வைத்தால் செல்லாமல்போன பழைய வரிசை நோட்டு தங்காது. பெருந்தொகை வைக்காதீர்கள், திருட்டில் போன பணத்துக்கு வீட்டுக் காப்பீடு கொஞ்சமே தரும், பலவற்றில் அதுவும் இல்லை.

கார்டையே நீட்ட வேண்டிய இடங்கள்

முன்பணம் கட்டிப் பல வாரம் கழித்துப் பொருள் வரும் எதற்கும் கார்டே நல்லது. பொருள் வராவிட்டால் வங்கி வழியாகத் தொகையைத் திரும்பக் கோரலாம். ரொக்கத்தில் அந்த வழி கிடையாது. விமான டிக்கெட்டும் அறைகலனும் இதில் சேரும். விடுதியிலும் வாடகைக் காரிலும் பிணைத்தொகையாகக் கார்டில் ஒரு தொகையை முடக்கிவைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் சொந்தப் பணம் சில நாள் முடங்கும், அங்கே கிரெடிட் கார்டைக் கொடுங்கள். வெளிநாட்டில் கார்டு இயந்திரம் “உங்கள் நாட்டு நாணயமா, இந்த நாட்டு நாணயமா” என்று கேட்டால் அந்த நாட்டு நாணயத்தையே தொடுங்கள்; இன்னொன்றில் மாற்று விகிதத்தோடு அவர்கள் லாபமும் ஏறியிருக்கும்.

இப்படிக் கார்டில் போன தொகைக்கு ஈடான நோட்டை அன்றே கவரிலிருந்து எடுத்து வேறொரு கவரில் போடுங்கள், பில் வரும் நாளில் அதை வங்கியில் கட்டிவிடலாம்.