அரசியல் உரைகளை அலசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேதியைத் தப்பாகப் போடுவது, பேசியவரின் பதவியை மாற்றி எழுதுவது போன்றவற்றை யாராவது திருத்திவிடுவார்கள். கட்டுரையையே கவிழ்க்கும் தவறுகள் வேறு.

உத்திகளை எண்ணிவிட்டு நிறுத்துவது

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் ஆற்றிய 1940 ஜூன் 4 உரையை எடுப்பார்கள். 'போரிடுவோம்' ஏழு முறை வருகிறது என்று எண்ணுவார்கள். 'இது கேட்போரின் உணர்ச்சியைத் தூண்டுகிறது' என்று எழுதி முடித்துவிடுவார்கள். எந்த உரைக்கும் ஒட்டக்கூடிய இந்த வாக்கியத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

அந்த ஏழின் வரிசையைப் பாருங்கள்: பிரான்ஸ், கடல், வான், கடற்கரை, விமானம் இறங்கும் இடங்கள், வயல்களும் தெருக்களும், குன்றுகள். அடிக்கு அடி எதிரி உள்ளே வந்துகொண்டிருக்கிறான். வீரவசனமாகக் காதில் விழுவது, படையெடுப்பு நேர்ந்தால் எப்படி இருக்கும் என்ற எச்சரிக்கையும்கூட. குன்றில் தொடங்கி பிரான்ஸில் முடித்து வாசித்துப் பாருங்கள். படை முன்னேறும் பாட்டாக மாறிவிடும்.

எச்சரிக்கைக்குக் காரணம் உரையின் முற்பகுதியிலேயே இருக்கிறது. பிரான்ஸின் டன்கிர்க் துறைமுகத்திலிருந்து மூன்று லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள் மீண்டதை வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள், பின்வாங்கிப் போரில் வெல்ல முடியாது என்கிறார். ஏறக்குறைய 1,000 பீரங்கிகள் போயின, வடக்கே இருந்த படையின் வண்டிகள் அத்தனையும் போயின என்று கணக்கும் ஒப்பிக்கிறார். இதைத் தாண்டிக் குதித்து கடைசிப் பத்தியை மட்டும் வெட்டி எடுத்தால் பாதி நோக்கம் போய்விடும்.

அந்தப் பத்தியும் 'சரணடைய மாட்டோம்' என்பதோடு நிற்கவில்லை. புதிய உலகம் தன் முழு பலத்தோடு வந்து பழைய உலகை மீட்கும்வரை என்று நீள்கிறது. அது அமெரிக்காவின் காதுக்கு. அன்று இன்னும் போரிட்டுக்கொண்டிருந்த பிரான்ஸ், பட்டியலில் முதலில் நிற்பதும் சும்மா அல்ல.

ஆகவே முதலில் முழு உரையையும் வாசியுங்கள். யார் என்ன செய்ய வேண்டும் என்று பேச்சாளர் விரும்புகிறார் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். கேட்போர் பல தரப்பென்றால் தரப்புக்கு ஒரு வரி. பிறகு ஒவ்வொரு உத்தியையும் நீக்கியோ வரிசை மாற்றியோ பாருங்கள். எந்த வரி ஆட்டம் காண்கிறதோ அந்த உத்தியைப் பற்றி எழுதுங்கள். எதுவும் ஆடவில்லையா? அதை விட்டுவிடுங்கள்.

ஒலிப்பதிவை நம்புவது

இந்த உரையில் இன்று நாம் கேட்கும் சர்ச்சிலின் குரல் 1949இல் பதிவானது. 1940இல் அவர் வாயால் கேட்டவர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் இருந்தவர்கள் மட்டுமே. அன்று மாலை பிபிசி செய்தி வாசிப்பாளர் சில பகுதிகளை வாசித்தார். 'வானொலியில் அவர் குரல் கேட்டு நாடே சிலிர்த்தது' என்று எழுதினால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும்.

எந்தப் பிரதி?

லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரைக்கு அவர் கையெழுத்தில் ஐந்து பிரதிகள் உண்டு. கடவுளைக் குறிப்பிடும் சொற்கள் அவற்றில் முதல் இரண்டில் இல்லை. எதை வைத்து அலசுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பேச்சாளரின் மனத்தைப் படிப்பது

வேண்டாம். உரையில் இல்லாததை அவர் மனத்தில் இருந்ததாக எழுதாதீர்கள்.

நாடாளுமன்ற உரையை மேடைப் பேச்சாக வாசிப்பது

1962இல் மாநிலங்களவையில் அண்ணா திராவிட நாடு கேட்டுப் பேசிய கன்னிப் பேச்சு, குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீதான விவாதத்தில் வந்தது. முன்னால் இருந்தவர்கள் கட்சித் தொண்டர்கள் அல்ல, எதிர்க்கருத்துள்ள உறுப்பினர்கள். தொகுப்பு நூல்களில் வரும் சுத்தமான வடிவத்தைவிட, குறுக்கீடுகளோடு இருக்கும் அவைக் குறிப்பை எடுத்து வாசியுங்கள்.