ஹூ, விச், தட்: எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது

தமிழில் "அங்கே நிற்கிற பையன்" என்று நறுக்கென்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் "தி பாய் ஹூ இஸ் ஸ்டாண்டிங் தேர்" என்று இழுக்கிறோம். "தி பாய் ஸ்டாண்டிங் தேர்" போதும். வெட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: ஹூ, விச், தட் இவற்றை ஒட்டி அடுத்து வருவது என்ன?

ஐ, ஷி, மை ஃபாதர் என்று வேறொரு எழுவாய் வந்தால் சுலபம். "தி புக் தட் ஐ பாட்" என்பதில் 'தட்'டை மட்டும் எடுத்துவிடுங்கள். "தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்" என்பதில் 'விச்' போனால் 'இன்' கடைசிக்குப் போகும்: "தி ஹவுஸ் ஐ லிவ் இன்". இந்த 'இன்'னைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "நான் வசிக்கும் வீடு" என்பதில் 'இல்' உருபே இல்லை, அந்தப் பழக்கம்தான் காரணம்.

அடுத்து வினைச்சொல் வந்தால் நிதானம் வேண்டும். இஸ், ஆர், வாஸ், வேர் இருந்தால் அதையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் வினையோடு 'இங்' சேரும்: "பீப்பிள் ஹூ லிவ் இன் மதுரை" என்பது "பீப்பிள் லிவிங் இன் மதுரை" ஆகும்.

நாம் அதிகம் சறுக்குவது இங்கேதான். "நேற்று வந்தவர் என் மாமா" என்பதை "தி மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்" என்று எழுதினால், ஒரே எழுவாய்க்கு 'கேம்', 'இஸ்' என்று இரண்டு முற்றுவினை வந்து வாக்கியம் உடைந்துவிடும். "கமிங் யெஸ்டர்டே" என்றாலும் தப்பு. நடந்துகொண்டிருப்பதற்கும் வழக்கமாக நடப்பதற்கும்தான் 'இங்' பொருந்தும். ஒருமுறை நடந்து முடிந்ததற்கு 'ஹூ கேம்' அப்படியே இருக்கட்டும்.

இன்னொரு சிக்கல் நம் பெயரெச்சத்தால் வருவது. "எழுதும் பெண்", "எழுதும் கடிதம்" இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். ஆங்கிலம் பிரித்துப் பார்க்கும். செய்பவருக்கு 'இங்': "தி கேர்ள் ரைட்டிங் எ லெட்டர்". செய்யப்பட்டதற்கு வினையின் மூன்றாம் வடிவம்: "தி லெட்டர் ரிட்டன் பை ஹெர்". "ரைட்டிங் பை ஹெர்" என்று வராது.

கமா போட்ட இடத்தில், வெட்டிய பிறகும் இரண்டு கமாவும் நிற்க வேண்டும்: "தி ஓல்ட் பாம்பன் பிரிட்ஜ்" பற்றி எழுதினால் "விச் வாஸ் ஓபன்ட் இன் 1914" என்பது ", ஓபன்ட் இன் 1914," ஆகும். ஆனால் "மை லேப்டாப், விச் ஐ பாட் லாஸ்ட் இயர்," என்பதில் கமாவும் இருந்து, 'விச்'சை அடுத்து 'ஐ' என்ற வேறொரு எழுவாயும் வருவதால் 'விச்'சைத் தொடவே முடியாது.

சில சின்ன வழிகளும் உண்டு. "ஹூ ஹேவ் டிக்கெட்ஸ்" என்பதற்கு "வித் டிக்கெட்ஸ்" போதும். ஃபர்ஸ்ட், லாஸ்ட், ஒன்லி வந்தால் 'டு' போடலாம்: 1969இல் நிலவில் இறங்கிய ஆர்ம்ஸ்ட்ராங் "தி ஃபர்ஸ்ட் மேன் டு வாக் ஆன் தி மூன்". "தி பாய் ஹூ இஸ் ஆங்ரி" போல ஒற்றைப் பெயரடை மட்டும் மிஞ்சினால் அதை முன்னால் கொண்டுவாருங்கள்: "தி ஆங்ரி பாய்". 'யாருடைய' என்ற பொருளில் 'ஹூஸ்' வந்தால் அதை மட்டும் தூக்கிவிட வழியில்லை, அப்படியே விட்டுவிடுங்கள்.