ஆர்சி டிரக்குக்கு ஸ்கிட் பிளேட்: வாங்கும் முன் வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

ரிமோட்டில் ஓடும் ஆர்சி டிரக்கின் அடிவயிற்றைக் கல்லும் தரையும் தாக்காமல் காக்கும் தகடுதான் ஸ்கிட் பிளேட். புதியது தேடுவதற்கு முன்னால் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, இப்போது மாட்டியிருக்கும் பிளேட்டை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். முன்னிருந்து பின்னாக நீளநீளமாகக் கீறல் விழுந்திருந்தால் வண்டி தரையில் உரசித் தேய்கிறது. ஸ்க்ரூ துளைகளைச் சுற்றிக் கறுப்பு நைலான் வெளிறியிருந்தால் பிளேட் வளைந்து வளைந்து நிமிர்கிறது. குதித்து இறங்கும்போது வாங்கும் அடி அது. ஒரே இடத்தில் குழி விழுந்திருந்தால் கல்முனை அங்கேதான் குத்துகிறது. எந்தப் பொருளில் வாங்கலாம் என்று யார் என்னிடம் கேட்டாலும், முதலில் இதைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

பலரும் "இருப்பதிலேயே கெட்டியானது எது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பிளேட் கொஞ்சமும் வளைந்து கொடுக்காவிட்டால் அந்த அடி எங்கே போகும்? பிளேட்டுக்கு உள்ளே டிஃப் கியரைத் தாங்கும் கூடான பல்க்ஹெட்டுக்கும், ஸ்க்ரூ இறங்கியிருக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகும். செருப்பு தேயலாம், கால் தேயக்கூடாது. பிளேட்டை மாற்ற நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும். முன் பல்க்ஹெட் உடைந்தால் டிஃப், சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம், ஷாக் டவர் என்று முன்பக்கம் முழுவதையும் பிரித்தாக வேண்டும்.

அதனால் எக்ஸ்-மேக்ஸ், கிராட்டன் மாதிரி பாய்ந்து விழும் வண்டிகளுக்கு முன்னாலும் பின்னாலும் தடிமனான நைலான் அல்லது யுஎச்எம்டபிள்யூ பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பிளேட் போடுங்கள். யுஎச்எம்டபிள்யூ எனக்கு மிகவும் பிடித்த பொருள். தண்ணீரைவிட லேசானது, வழுக்கும், எளிதில் தேயாது, அடி வாங்கினால் வளைந்து திரும்பும். ஒரே சங்கடம், அதில் பசை ஒட்டாது. ஸ்க்ரூ போட்டுத்தான் பிடிக்க வைக்க வேண்டும். நைலான் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். நன்றாகக் காய்ந்தால் அதன் வளைந்துகொடுக்கும் தன்மை குறைந்து சட்டென்று உடையும். வெகுநாள் சும்மா கிடந்த நைலான் பாகத்தைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு மாட்டுவது நல்லது.

கல் ஏறும் கிராலர் என்றால் கதை வேறு. எஸ்சிஎக்ஸ்10 போன்ற வண்டிகளில் நடு ஸ்கிட் வெறும் மூடி இல்லை. கியர்பாக்ஸ் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கம்பிகளான கீழ் லிங்க்குகளும் அதில்தான் மாட்டியிருக்கின்றன. அது வளைந்தால் ஆக்ஸிலின் கோணமே மாறிவிடும். இங்கே விறைப்பு வேண்டும். அலுமினியம் போடலாம், டெல்ரின் எனப்படும் அசிட்டால் பிளாஸ்டிக்கும் போடலாம். அலுமினியத்தில் 6061-டி6, 7075-டி6 என்று இரண்டு அதிகம் கிடைக்கும். 7075 எளிதில் வளையாது. 6061 முதலில் வளையும், ஆனால் பெரும்பாலும் உடையாது. சரி, வலிமை இருக்கட்டும், கல்லின்மேல் எப்படி நகர்கிறது? சொரசொரப்பான பாறையில் அலுமினியம் சிராய்த்து விளிம்பில் பிசிறு கிளம்பும். அந்தப் பிசிறு அடுத்த கல்லில் மாட்டி, ஏற வேண்டிய வண்டி தொங்கி நிற்கும். மாட்டிய பிறகு அவ்வப்போது அரத்தால் விளிம்பைத் தேய்த்து விடுங்கள். அசிட்டாலில் இந்தத் தொல்லை குறைவு, வழுக்கிக்கொண்டு போகும். கிராலரில் என் ஓட்டு அதற்குத்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. கிராலரில் எடை கீழே இருப்பது நல்லதுதான். குதிக்கும் வண்டிக்கு வேண்டாம். கார்பன் ஃபைபர் பார்க்க அழகு, ஆனால் கூர்மையான கல் குத்தினால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். அதை வெட்டினாலும் தேய்த்தாலும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்; அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பொருள் முடிவானதும் நான் பார்ப்பது ஸ்க்ரூ துளை. ஸ்க்ரூவின் தலை பிளேட்டுக்குள் முழுக்கப் புதைந்து உட்கார வேண்டும். வெளியே துருத்தினால் கல் முதலில் அதைத்தான் அரைக்கும். பிறகு எம்3 ஸ்க்ரூவின் 2 மி.மீ. குழியில் அலன் கீ பிடிக்கவே பிடிக்காது. அடுத்து முன் விளிம்பு: மேல்நோக்கி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டையாக முடிந்தால் அது மண்ணைத் தோண்டும். மண்ணும் தண்ணீரும் வெளியேற ஓரிரு ஓட்டையும் வேண்டும், இல்லாவிட்டால் சேறு உள்ளே கெட்டிப்பட்டுவிடும். தடிமனையும் யோசியுங்கள்: பழைய பிளேட்டுக்கு மேலேயே 3 மி.மீ. தகடு ஒட்டிக்கொண்டால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள இடம் அந்த 3 மி.மீ. குறையும்.

மாட்டும்போது, பிளாஸ்டிக் துளையில் ஸ்க்ரூவை வைத்து முதலில் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் டக்கென்று சின்னதாக இறங்கும். பழைய மரை ஆரம்பிக்கும் இடம் அது. அங்கிருந்து முன்னால் திருகினால் புது மரை வெட்டாமல் பழைய தடத்திலேயே போகும். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான திரெட் லாக் உலோகத்தில் இறங்கும் ஸ்க்ரூவுக்கு மட்டும். சில பிளாஸ்டிக்குகளில் அது விரிசல் விட வைக்கும். அப்புறம் ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஆர்மை மேலும் கீழும் கையால் ஆட்டிப் பாருங்கள். எங்காவது பிளேட்டில் உரசினால் அந்த இடத்தை அரத்தால் தேய்த்து இடம் விடுங்கள்.

பிளேட் தேய்ந்துகொண்டே வந்து ஸ்க்ரூ தலையின் மட்டத்துக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் தலையும் தேய்ந்து, கழற்றுவதற்கே துளை போட வேண்டியிருக்கும்.