கூச்சமுள்ள லோச் மீன்கள் தொட்டியில் பழகுவதற்கு

நம் ஊர் அயிரைக்கு உறவான கூலி லோச் (Kuhli loach) என்னும் தொட்டி மீனைச் சேலத்தில் வாங்கிச் செல்பவர்கள், மறுநாளே அது கண்ணில் படவில்லை என்று கவலைப்படுகிறார்கள். அது இரவில் இரை தேடும் மீன். பகலில் ஒளிந்திருப்பது நோயன்று. ஒற்றையாக விடாமல் ஐந்தாறாகச் சேர்த்து விட்டு, கூரான சரளைக்குப் பதிலாக நன்கு அலசிய பொடிமணலை இரண்டு அங்குலம் பரப்பி, கொதிக்கவைத்துச் சாயம் போக்கிய கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வாசல் வைத்துக் கொடுத்தால், மீசை புண்படாமல் மணலில் புதைந்து முகத்தை மட்டும் நீட்டிப் பார்க்கும். அந்தக் காட்சிக்காகவே காத்திருக்கலாம். விளக்கை அணைத்த பிறகு, மூழ்கும் தீனியைப் போடுங்கள். ஏற்காட்டின் மார்கழிக் குளிரில் ஹீட்டர் கட்டாயம் வேண்டும். நீர் 24 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். தொட்டி மூடியில் காற்றுக்குழாய் நுழையும் இடுக்கையும் அடைத்துவிடுங்கள், மீன் அதன் வழியாகவும் வெளியேறிவிடும்.