காசு குடுக்காம வெப்சைட் செய்ய சாஃப்ட்வேர் தேடுறீங்களா, இறக்க முதல் இத வாசிங்க

திருகோணமலை உப்புவெளியில கெஸ்ட்ஹவுஸ் வச்சிருக்கிற எங்கட மச்சான் மார்கழி மழைக்குள்ள கோல் எடுத்து, "டேய், சீசனுக்கு முதல் வெப்சைட் ஒண்டு வேணும், ஃப்ரீயா செய்யிற சாஃப்ட்வேர் ஒண்டு சொல்லு" எண்டான். நிலாவெளியில போட் ஓடுற ஆக்களும் இதத்தான் கேக்கிறாங்க, டியூஷன் சேர்மாரும் இதத்தான் கேக்கிறாங்க, அதால அவனுக்குச் சொன்னத இங்க எழுதிவிடுறன்.

கூகிள்ல "பெஸ்ட் ஃப்ரீ" எண்டு அடிச்சா வாற லிஸ்ட்டுகள் கனக்க பழசு. பிராக்கெட்ஸ், அட்டம் எண்டு கோட் எழுதுற சாஃப்ட்வேர்கள இன்னும் போட்டு வச்சிருப்பாங்க, ஆனா பிராக்கெட்ஸ அடோப் 2021லயே கைவிட்டுட்டு, அட்டம கிட்ஹப் 2022 டிசம்பரில மூடிட்டு. அதால ஒரு பேர் காதில விழுந்தா நேர அந்த சாஃப்ட்வேர்ட சொந்த சைட்டுக்குப் போய் கடைசி வேர்ஷன் எப்ப வந்தது எண்டு பாருங்க, ரெண்டு வருஷமா ஒண்டும் வரல்ல எண்டா விட்டுட்டு வேற தேடுங்க. டவுன்லோடும் அங்க இருந்து மட்டும்தான். நான் ஒருக்கா காசு சாஃப்ட்வேர் ஒண்டுட கிராக் (காசு கட்டாம ஓட உடைச்ச கள்ளக் கொப்பி) எண்டு ஆரோ தந்த பென்ட்ரைவ குத்தி, லெப்டொப்ப முழுசா அழிச்சு விண்டோஸ் திருப்பிப் போட வேண்டி வந்திட்டு, அக்காட கலியாண ஃபோட்டோவும் அதோட சரி.

அடுத்தது ஃப்ரீ எண்டா எந்த ஃப்ரீ எண்டு பாக்கணும். வெப்சைட் செய்யிற வேர்ட்பிரஸ்லதான் எல்லாரும் குழம்புறது. உலகத்து வெப்சைட்டுகள்ள 40 வீதத்துக்கு மேல அதுலதான் ஓடுது, ஆனா வேர்ட்பிரஸ் டொட் ஓர்க்ல சாஃப்ட்வேர் மட்டும்தான் இலவசம், சைட்ட நெட்ல வச்சிருக்கிற இடம், அதான் ஹோஸ்டிங், நீங்க பாக்கணும், டொட் கொம்ல இடமும் ஃப்ரீயா தாறாங்க, ஆனா சைட் முகவரில உங்கட பேருக்குப் பின்னால அவங்கட பேர் ஒட்டியிருக்கும், விளம்பரமும் வரும். விக்ஸும் அதே கதைதான். கூகிள் சைட்ஸ்ல விளம்பரம் இல்ல, ஒரு பின்னேரத்தில செய்து முடிக்கலாம், ஆனா பிறகு வேற இடத்துக்கு மாறணும் எண்டா திரும்ப முதல்ல இருந்துதான்.

மச்சானுக்கு நான் சொன்னது பப்ளி எண்ட சாஃப்ட்வேர். ஓப்பன் சோர்ஸ் (கோட் எல்லாருக்கும் திறந்திருக்கு), விண்டோஸ், மேக், லினக்ஸ் மூண்டுக்கும் இருக்கு, லெப்டொப்லயே நெட் இல்லாம இருந்து எழுதி படம் போட்டு பார்த்திட்டு கடைசில மட்டும் ஏத்தலாம், டேட்டா முடியுமெண்ட பயம் இல்ல. அவனுக்குத் தேவை ரூம், விலை, வாற வழி, வாட்ஸ்அப் நம்பர், அவ்வளவுதான், அதுக்குப் போய் வேர்ட்பிரஸ் போட்டு கிழமைக்குக் கிழமை பிளகின் (மேலதிகமாப் போடுற துணைச் சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிக்கொண்டு இருக்கிறது வீண் வேலை எண்டுதான் நான் சொல்லுவன். பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு முதல்ல வரைஞ்சு பாக்க பென்பொட் எண்டு டிசைன் சாஃப்ட்வேர் இருக்கு, பிரௌசர்லயே ஓடும். கோட் பழக ஆசை எண்டா விஎஸ் கோட் எண்டு கோட் எழுதுற சாஃப்ட்வேர் போதும், வேற ஒண்டும் தேட வேணாம்.

எதையும் முடிவு பண்ண முதல் ஒரு சோதனை: அந்த சாஃப்ட்வேர்ல "திருக்கோணேஸ்வரம்" எண்டு அடிச்சுப் பாருங்க. கொம்பும் காலும் எழுத்த விட்டுத் தள்ளி நிண்டா அது நமக்குச் சரிவராது, எவ்வளவு வடிவா இருந்தாலும். இன்னொண்டு, பழைய நோட்டீஸ், லெட்டர்ஹெட் எல்லாம் நம்மட பக்கம் பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட்ல அடிச்சதுதான், அத அப்பிடியே கொப்பி பண்ணிப் போட்டா வாசிக்கிற ஆளுக்கு இங்கிலிஷ் எழுத்துக் குப்பையாத்தான் தெரியும், ஆகவே முதல்ல எல்லா ஃபோன்லயும் கம்ப்யூட்டர்லயும் சரியாத் தெரியிற யூனிகோட் முறைக்கு மாத்துங்க, பாமினி கன்வேர்ட்டர் எண்டு தேடினாலே ஃப்ரீயா வரும். எழுத்துருவுக்கு கூகிள் ஃபொன்ட்ஸ்ல கட்டமரான், முக்த மலர், நோட்டோ சேன்ஸ் தமிழ் எண்டு இருக்கு, மூண்டுமே இலவசம், வியாபாரத்துக்கும் பாவிக்கலாம். எழுத்தப் படத்துக்குள்ள போட்டு ஏத்திற வேலை மட்டும் வேணாம், ஃபோன்ல பெருசாக்கியும் வாசிக்க ஏலாது.

படம். புறாத்தீவுக்குப் போய் எடுத்த ஃபோட்டோ ஒண்டு 5 எம்பி வரும், அப்பிடி பத்துப் படத்த முதல் பக்கத்தில போட்டா ரோட்டில நிண்டு ஃபோன்ல பாக்கிற வெள்ளைக்காரன் பக்கம் திறக்க முதலே அடுத்த கெஸ்ட்ஹவுஸுக்குப் போயிருவான். ஸ்குவூஷ் எண்டு கூகிள்ட ஒண்டு இருக்கு, பிரௌசருக்குள்ளயே சுருக்கும், படம் உங்கட மெஷின விட்டு வெளிய போகாது, வெப்பி (WebP) எண்ட பட ஃபோமட்ல 200 கேபிக்குள்ள கொண்டு வாங்க. வெட்ட ஒட்ட கிம்ப், லோகோ வரைய இங்க்ஸ்கேப்.

ஏத்திற இடத்துக்கு கிட்ஹப் பேஜஸ் ஃப்ரீ எண்டு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா ஒன்லைன் வியாபாரம் நடத்துறதுக்கு இல்ல எண்டு அவங்கட விதிலயே இருக்கு, அதால டியூஷன் நோட்ஸ் போட எண்டா அது, ரூம் விக்க எண்டா கிளவுட்ஃபிளேர் பேஜஸ் மாதிரி ஒண்டப் பாருங்க. டொட் எல்கே பேர் வேணும் எண்டா அதுக்கு மட்டும் வருஷா வருஷம் காசு கட்டத்தான் வேணும்.

மச்சான்ட சைட் நாலு பக்கமும் ரெடி, ரூம் படம் மட்டும் இல்ல, மழை விட்டாத்தான் எடுப்பானாம்.