எடையைக் கூட்டினால் மட்டும் அலை வராது: வேக்சர்ஃபிங் படகைத் தயார் செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படகு கிளப்பும் அலையில், கயிற்றை விட்டுவிட்டுப் பலகையில் நின்று போவதுதான் வேக்சர்ஃபிங். அந்த அலை சரியாக வரவில்லை என்றால் படகு வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் முதலில் செய்வது இன்னொரு பேலஸ்ட் பை (தண்ணீர் நிரப்பிப் படகின் எடையைக் கூட்டும் பை) வாங்குவதுதான். எடை போதவில்லை, அதனால்தான் அலை சின்னதாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கத்து ஏரிகளில் கோடை முழுக்க இதைப் பார்க்கலாம்: பின்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்து, முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு, என்ஜின் கதறக் கதறப் போகிற ஒரு படகு, பின்னால் உயரமாக, ஆனால் நுரையும் குழப்பமுமாக ஒரு அலை, அதில் கயிற்றை விடவே முடியாமல் ஒருவர். எடை தேவைதான், அதை மறுக்க முடியாது. ஆனால் படகோடு வந்த பேலஸ்ட் தொட்டிகளை நிரப்பி, வேகத்தையும் சமநிலையையும் சரிபார்த்துவிட்டு, அதற்கும் பிறகுதான் கூடுதல் எடையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அலை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதித் தவறுகள் தானாகவே குறைந்துவிடும். படகு தண்ணீரை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு போகிறது, அது கடந்துபோன இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது, அந்தப் பள்ளத்தை நிரப்ப இரு பக்கத் தண்ணீரும் ஓடிவந்து நடுவில் மோதிக்கொள்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் மோதினால் இரு பக்கமும் அலை உடைந்து நுரையாகிவிடும். ஒரு பக்கத்துத் தண்ணீரைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் எதிர்ப்பக்க அலை குலையாமல், வழவழப்பாக, நீளமாக நிற்கும். மாலிபு படகு நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த சர்ஃப் கேட், அதாவது படகின் பின் மூலையில் விரியும் தகடு, செய்வது இதைத்தான். நாட்டிக், மாஸ்டர்கிராஃப்ட் படகுகளில் வரும் சர்ஃப் அமைப்புகளும், படகின் பக்கவாட்டில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் சின்ன வேக் ஷேப்பர்களும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கின்றன.

வேக் ஷேப்பரைத் தப்பான பக்கத்தில் ஒட்டுவது புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் செய்கிற தவறு. அலை எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கத்தில் ஒட்டத்தான் கை போகும். எதிர்ப்பக்கத்தில் ஒட்ட வேண்டும். இடது காலை முன்னால் வைத்து நிற்பவர் வழக்கமாக படகின் இடப்பக்க அலையில் போவார், அப்போதுதான் அவர் முகம் அலையைப் பார்த்திருக்கும். அவருக்காக ஷேப்பரை வலப்பக்கம் ஒட்ட வேண்டும். படகின் பின் விளிம்பை ஒட்டி, ஓடும்போது நீருக்குள் இருக்கும்படி வையுங்கள். ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தைத் துடைத்து அழுக்கையும் பாசியையும் எடுத்துவிடுங்கள், ஸ்டிக்கர் மேலோ சொரசொரப்பான இடத்திலோ அது பிடிக்காது. அதோடு வருகிற கயிற்றைப் படகில் கட்டாமல் விடாதீர்கள். வேகமெடுக்கும்போது கழன்றுபோன ஷேப்பரை ஏரியில் தேடுவது சுலபமான வேலை இல்லை.

அடுத்தது, படகைச் சாய்ப்பது. இந்த அமைப்புகள் வருவதற்கு முன்பு ஒரே வழி அதுதான்: அலை வேண்டிய பக்கத்தின் பின் மூலையில் பைகளையும் ஆட்களையும் குவித்து, படகை அந்தப் பக்கமாகவே சாய்த்து ஓட்டுவார்கள். கேட்டோ ஷேப்பரோ இல்லாத பழைய படகில் இன்றைக்கும் அதுதான் வழி. ஆனால் கேட் உள்ள படகையும் பழைய பழக்கத்தில் அப்படியே சாய்க்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் பிரச்சினை. கேட் வேலை செய்ய அது இருக்கும் பக்கம் தண்ணீரில் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். படகை மறுபக்கம் சாய்த்தால் கேட் மேலே எழும்பிவிடும், தண்ணீரைத் தாமதப்படுத்த முடியாது. முதலில் படகை மட்டமாக வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்புறம் வேண்டுமானால் ஒருவரை மட்டும் அலைப்பக்கம் நகர்ந்து உட்காரச் சொல்லி, என்ன மாறுகிறது என்று கவனியுங்கள்.

முன் பின் சமநிலைதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது, அதைத்தான் ரொம்பப் பேர் கண்டுகொள்வதே இல்லை. பின்பக்கம் எடை ஏறினால் அலை உயரமாகும், செங்குத்தாகும், ஆனால் குட்டையாகிவிடும். சர்ஃபர் படகுக்கு மிக அருகிலேயே நிற்க வேண்டியிருக்கும், கொஞ்சம் பின்தங்கினாலும் அலை கைவிட்டுவிடும். முன்பக்கம் எடை சேர்த்தால் அலை நீளும், தள்ளும் இடம் பெரிதாகும், உயரம் சற்றுக் குறையும். பொதுவாக மொத்த எடையில் பத்தில் ஆறு பங்கு பின்னால், நான்கு பங்கு முன்னால் என்று ஆரம்பித்து அங்கிருந்து மாற்றிக்கொண்டு போவது நல்லது. அலை உயரமாக இருக்கிறது ஆனால் தள்ளவில்லை என்று ஒருவர் சொன்னால், பின்னால் இன்னொரு பை போடுவதைவிட முன்னால் கொஞ்சம் எடை வைப்பதே பெரும்பாலும் பலன் தரும். ட்ரிம் டேப் (பின் விளிம்பில் ஏற்றி இறக்கும் தகடு) உள்ள படகில் நடு டேப்பைக் கொஞ்சம் இறக்கினாலும் பின்பக்கம் எழும்பி அலை நீளும். மாலிபு படகின் பின்னால் நீருக்குள் இறங்கும் பவர் வெட்ஜ் என்ற இறக்கை இதற்கு நேர் எதிர், அது பின்பக்கத்தைக் கீழே இழுக்கிறது. அதையும் முழுக்க இறக்கி, பின் தொட்டிகளையும் நிரப்பிவிட்டு அலை ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பெட்ரோலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 50 கேலன் பெட்ரோல் கிட்டத்தட்ட 300 பவுண்டு, அதாவது 135 கிலோவுக்கும் மேல். காலையில் நன்றாக இருந்த அலை மாலையில் வேறு மாதிரி இருந்தால், டேங்க் காலியானது ஒரு காரணமாக இருக்கலாம்.

பைகளைப் பாதி நிரப்பிவிட்டுக் கிளம்புவதும் தவறுதான். நிறைகுடம் தளும்பாது என்பது பேலஸ்ட் பைக்கும் பொருந்தும்: பாதி நிறைந்த பையில் தண்ணீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடும், ஒரு திருப்பத்தில் எல்லா எடையும் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிடும், அலையும் நிலையாக நிற்காது, படகும் பாதுகாப்பாக இருக்காது. எடை குறைவாக வேண்டும் என்றால் சின்னப் பையை முழுக்க நிரப்புங்கள். டாஷ்போர்டில் 100 சதவீதம் என்று காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம், வெளியே காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டுகிறதா என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பைக்குள் காற்று தங்கிவிட்டால் மேலே தடவித் தள்ளி வெளியேற்றுங்கள். ரப்பர் இம்பெல்லர் வைத்த பம்ப் என்றால் தண்ணீர் தீர்ந்த பிறகும் ஓடவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் சீக்கிரமே கருகிப்போகும்.

சரி, வேகத்துக்கு வருவோம். கயிற்றைப் பிடித்தபடியே போகும் வேக்போர்டிங்குக்கு மணிக்கு 20 மைல் பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் இதிலும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வேக்சர்ஃபிங்குக்கு பெரும்பாலான படகுகளில் 10 முதல் 12 மைல்தான். இந்த இரண்டு மைலுக்குள்ளேயே அலை முழுசாக வேறாக மாறிவிடும் என்பதால் ஒரு நேரத்துக்கு 0.2 மைல் என்றுதான் மாற்ற வேண்டும். அலையின் உச்சி உடைந்து நுரை வழிந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். அலை நீளமாக, சுத்தமாக, ஆனால் தட்டையாக இருந்தால் கொஞ்சம் குறையுங்கள். கூடுதல் பை வாங்கக் கிளம்பும் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது இந்த 0.4 மைல் மட்டுமாக இருக்கும். ஆற்றில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஜிபிஎஸ் காட்டுவது கரையை வைத்துக் கணக்கிட்ட வேகம், அலையை உருவாக்குவதோ தண்ணீரை வைத்துப் பார்க்கும் வேகம். நீரோட்டம் 2 மைல் என்றால், ஜிபிஎஸ்ஸில் 11 வைத்து ஓட்டத்தோடு போகும்போது படகு தண்ணீரில் 9 மைல்தான் போகிறது, எதிர்த்து வரும்போது 13. ஒரு பக்கம் போகும்போது அலை அருமையாக இருந்து திரும்பி வரும்போது காணாமல் போனால், படகில் கோளாறு தேடாமல் ஓட்டத்தைக் கணக்கில் எடுங்கள்.

இத்தனை விஷயம் இருப்பதால்தான் ஒரே நேரத்தில் மூன்றை மாற்றுவது பெரிய தவறாகிறது. வேகத்தைக் கூட்டி, ஒரு பையைக் காலி செய்து, இரண்டு பேரை முன்னால் அனுப்பிவிட்டு அலை நன்றாகிவிட்டது என்றால், எதனால் நன்றானது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் வேறு ஆட்களோடு வரும்போது திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒன்றை மாற்றுங்கள், பின்னாலிருந்து செல்போனில் வீடியோ எடுங்கள், எத்தனை பேர் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதோடு குறித்து வையுங்கள். ஆட்களும் எடைதானே. நான்கு பெரியவர்கள் சேர்ந்தால் ஒரு பெரிய பையின் அளவு வந்துவிடும், அவர்கள் நடுவில் எழுந்து இடம் மாறினால் அலையும் கூடவே மாறும்.

ஆழம் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 11 மைல் வேகத்தில் போகும் படகின் பின்னால் தொடரும் அலை, ஆழமான நீரில் கணக்குப்படி சுமார் 15 மீட்டர் நீளம் இருக்கும். அந்த நீளத்தில் பாதிக்குக் குறைவான ஆழம் வரும்போதே ஏரியின் அடித்தளம் அலையின் மேல் கைவைக்க ஆரம்பித்துவிடுகிறது, 8 அடி ஆழத்தில் அலையின் குணமே மாறிவிடும். ஆக 20 அடிக்கு மேல் ஆழமுள்ள இடமாகத் தேடிப் போவது உங்கள் அலைக்கே நல்லது. ஏரிக்கும் நல்லது, ஏனென்றால் பின்பக்கம் தாழ்ந்து ஓடும் படகின் ப்ரொப்பெல்லர் தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ளி, ஆழம் குறைந்த இடத்தில் சேற்றையும் செடிகளையும் கிளப்பிவிடும். கரையிலிருந்து தள்ளி ஓட்டுவதும் அப்படித்தான். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் அந்தோனி ஃபால்ஸ் ஆய்வகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், வேக்சர்ஃப் படகின் அலை சாதாரணப் படகின் அலை அளவுக்கு அடங்க 500 அடிக்கு மேல் தூரம் தேவைப்பட்டது. வெர்மான்ட் மாநிலம் 2024-இல் விதியே போட்டுவிட்டது: எல்லாக் கரைகளிலிருந்தும் 500 அடி தள்ளி, குறைந்தது 20 அடி ஆழத்தில், அப்படிப்பட்ட பரப்பு தொடர்ச்சியாக 50 ஏக்கராவது உள்ள ஏரிகளில் மட்டும். கரையோரம் வீடு வைத்திருப்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் ஓட்டுபவர் வளைந்து வளைந்து ஓட்டினால் அலை நிற்காது, நேராக ஓட்ட வேண்டும். சர்ஃபர் விழுந்தவுடன் அதே வேகத்தில் வட்டமடித்துத் திரும்பக் கூடாது. உங்கள் அலையே நாலா பக்கமும் பரவி, அடுத்து ஓட்டப்போகிற தண்ணீரைக் கெடுத்துவிடும். த்ராட்டிலைக் குறைத்து, அலை கடந்துபோகும் வரை காத்திருந்து, மெதுவாகத் திரும்பிப் போங்கள். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. முன்பக்கம் பையும் ஆட்களும் நிறைந்திருக்கும்போது சட்டென்று வேகத்தைக் குறைத்துத் திரும்பினால், சொந்த அலையே முன்பக்கம் வழியாகப் படகுக்குள் ஏறிவிடும். படகுகள் இப்படி மூழ்கியிருக்கின்றன. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளுக்குக் கொள்ளளவுத் தகடு (எவ்வளவு எடை ஏற்றலாம் என்று காட்டுவது) சட்டப்படி கட்டாயம், அதைவிடப் பெரிய படகுகளிலும் பெரும்பாலும் இருக்கும். நீங்களாக வாங்கிப் போட்ட பைகளின் எடையை ஆட்களின் எடையோடு கூட்டி அந்த எண்ணுக்குள் நிறுத்துங்கள். 750 பவுண்டு பை என்பது 340 கிலோ, அதாவது நான்கைந்து பேர் கூடுதலாக ஏறிய மாதிரி.

எடை கூடிய பிறகு படகு வேகம் பிடிக்கவே திணறினால் உடனே என்ஜினைக் குறை சொல்ல வேண்டாம், ப்ரொப்பெல்லரைப் பாருங்கள். பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், குறைவான ப்ரொப்பெல்லர் போட்டால் சுமையோடு எழும்புவது எளிதாகும். உயரமான இடங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும், சுமார் 6,225 அடி உயரத்தில் இருக்கும் டாஹோ ஏரியில் அது ஆறில் ஒரு பங்குக்கும் மேல்.

இவ்வளவும் சொன்னது ப்ரொப்பெல்லர் படகின் அடியில் உள்ளே தள்ளி இருக்கும் இன்போர்டு படகுகளுக்கு. அவுட்போர்டு படகிலோ, ப்ரொப்பெல்லர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண ஸ்டெர்ன்டிரைவ் படகிலோ என்ன எடை போட்டாலும், என்ன ஷேப்பர் ஒட்டினாலும் வேக்சர்ஃபிங் செய்யவே கூடாது. சர்ஃபர் படகுக்குச் சில அடி பின்னால் இருக்கிறார், அலை அவரை முன்னோக்கித் தள்ளுகிறது, விழுந்தால் அவர் போய்ச் சேரும் இடம் ப்ரொப்பெல்லராக இருக்கும். 2015-இல் வோல்வோ பென்டா கொண்டுவந்த ஃபார்வர்ட் டிரைவ் போல, ப்ரொப்பெல்லர் முன்னோக்கிப் படகின் அடியில் இருக்கும் வகை மட்டும் விதிவிலக்கு. என்ஜின் ஓடும்போது பின் மேடையில் யாரும் உட்காரவும் கூடாது, அங்கே தேங்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை நிறமும் இல்லை. கலிஃபோர்னியாவில் 2005 முதல், என்ஜின் ஓடும்போது அந்த மேடையைப் பிடித்துத் தொங்கியபடி போவது சட்டப்படி தடை.

கடைசியாக, ஏரியை விட்டுக் கிளம்பும்போது தொட்டிகளை அரைகுறையாக வடிப்பது. பம்ப் நின்ற பிறகும் தொட்டியின் அடியிலும் குழாய்களிலும் தண்ணீர் தங்கும், அதில் ஜீப்ரா மஸ்ஸல் என்ற, ஏரிகளைக் கெடுக்கும் சிப்பியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் உயிரோடு இருக்கலாம், அடுத்த ஏரியில் தொட்டியை நிரப்பிக் காலி செய்யும்போது அவை அங்கே போய்விடும். மினசோட்டாவில் வடிகால் அடைப்பைக் கழற்றிவிட்டுத்தான் படகைச் சாலையில் இழுத்துப் போக வேண்டும் என்பது சட்டம். படகை டிரெய்லரில் ஏற்றி முன்பக்கம் உயர்ந்திருக்கும்போது இன்னொரு முறை பம்பைக் கொஞ்ச நேரம் மட்டும் போட்டுப் பாருங்கள், பைகளைக் கழற்ற முடிந்தால் சுருட்டிப் பிழிந்து வெயிலில் காயப்போடுங்கள்.