பாதிக்குப் பாதி கணக்கு வேண்டாம்: கலப்புக் குடும்பப் பாத்திரங்களை எழுதுகிறவர்களுக்கு

கொழும்பில் சிறுகதை எழுதுகிறவரானாலும் சரி, படத்துக்கு விமர்சனம் எழுதுகிறவரானாலும் சரி, இரண்டு இனத்துப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பாத்திரத்தைக் கண்டால் உடனே இரத்தக் கணக்கு பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அம்மா சிங்களம், அப்பா தமிழ், ஆகவே பாதிக்குப் பாதி, ஆகவே அந்தப் பிள்ளை நடுவில் நின்று தவித்தே ஆகவேண்டும். ஏன் தவிக்க வேண்டும்? அப்பம்மாவோடு தமிழும் அம்மம்மாவோடு சிங்களமும் பேசி, சித்திரை வருஷத்துக்கு ஒரு வீட்டில் கைவிசேஷக் காசும் மற்ற வீட்டில் அதே போன்ற சிங்கள வழக்கமான கனுதெனுக் காசும் வாங்கிப் பொக்கெற்றை நிரப்புகிற பிள்ளைகள் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் எத்தனை பேர்! அவர்களுக்கு அதில் குழப்பம் ஒன்றும் இல்லை, இரட்டை வரும்படிதான்.

தொல்லை வெளியே இருந்து வருகிறது, யாராவது கேட்கும்போது. போர்க்காலத்துச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டினால் அவர்கள் பார்த்தது பெயரையும் பிறந்த இடத்தையும். அப்பாவின் பெயர் நாதன் என்று முடிந்தால், அம்மா காலியில் பிறந்த சிங்களவர் என்பதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் ஆளை ஓரமாக நிற்கச் சொல்லிவிடுவார்கள். அந்த இடத்தை எழுதினால் கதை இருக்கிறது. ‘நான் யார்?’ என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்கும் காட்சியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், போதும்.

அடுத்தது, அமெரிக்காவின் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டுவது. நெல்லா லார்சன் 1929இல் எழுதிய ‘பாஸிங்’ நாவலில் வெளுத்த தோலுள்ள கறுப்பினப் பெண் ஒருத்தி வெள்ளைக்காரியாக நடமாடுகிறாள். அந்தப் பயம் முழுக்க, கறுப்பு முன்னோர் ஒருவர் இருந்தாலே ஆள் கறுப்பர்தான் என்ற அந்த நாட்டு விதியிலிருந்து வருகிறது. தென்னாபிரிக்காவில் விதியே வேறு, 1950இன் பதிவுச் சட்டம் கலப்பினத்தவரைத் தனி வகுப்பாகவே எழுதி வைத்தது. 1984இல் கறுப்பினத் தாய்க்கும் சுவிஸ் தந்தைக்கும் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் ட்ரெவர் நோவாவின் பிறப்பே, இனம் கடந்த உறவைத் தடைசெய்த சட்டப்படி ஒரு குற்றத்தின் சாட்சி. இங்கேயோ ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் விடயத்தில் பார்த்தது தந்தைவழி. 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கமும் அப்பாவின் பக்கத்து வம்சத்தைத்தான் கேட்டது. அம்மா பறங்கி, அப்பா சிங்களம் என்றால் பிள்ளை சிங்களம், அவ்வளவுதான். ஆக, நியூயோர்க்கில் நடக்கிற ஒளிவுமறைவு நாடகத்தைப் பம்பலப்பிட்டியில் நடத்தினால் எடுபடாது.

பெயரை வைத்து இனம் சொல்வதும் ஆபத்து. பெர்னாண்டோ என்றால் சிங்களவர் இருக்கிறார், தமிழ்க் கத்தோலிக்கர் இருக்கிறார், பறங்கியரும் இருக்கலாம்.

பறங்கியர் என்றதும் பைலா, போத்தல், பூனைக்கண். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போனது உண்மைதான், அதற்காகக் கதைக்குக் கதை பியானோவோடு தனித்துப்போன ஒரு கிழவியை உட்கார வைக்க வேண்டுமா? பறங்கிய எழுத்தாளர் கார்ல் முல்லரின் ‘த ஜாம் ஃப்ரூட் ட்ரீ’ நாவலில் வரும் குடியும் கும்மாளமும் ஒரு ரயில்வே குடும்பத்தினுடையவை, இனம் முழுவதற்குமான சான்றிதழ் அல்ல. இன்னொன்று, நம் எழுத்தாளர்களின் பறங்கியர் எல்லாரும் ஆங்கிலம் மட்டும் பேசுகிறார்கள். மட்டக்களப்புக்குப் போய்ப் பாருங்கள், வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழியும் தெருவில் நல்ல மட்டக்களப்புத் தமிழும் பேசும் பறங்கியர் அங்கே இருக்கிறார்கள்.

எழுத்தாளரின் குடும்ப மரத்தைப் பாத்திரத்தின் தலையில் ஏற்றுவதும் நடக்கிறது. நாவலாசிரியர் ஷ்யாம் செல்வதுரையின் அப்பா தமிழர், அம்மா சிங்களவர். ஆனால் 1994இல் வந்த ‘ஃபனி போய்’ நாவலின் ஆர்ஜிக்கு அம்மாவும் அப்பாவும் தமிழர். அந்தப் புத்தகத்தில் இனக்கலப்பு வருவது பிறப்பில் அல்ல, நடக்காமல் போன கல்யாணங்களில்: ராதா ஆன்ரிக்கு ஒரு சிங்களப் பையன், ஆர்ஜியின் அம்மாவுக்கு முன்னொரு காலத்தில் ஒரு பறங்கியர். இதைக் கவனிக்காமல் ‘சுயசரிதை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

அப்புறம் நம் செல்லத் தவறு, பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது. 2020இல் கமலா ஹாரிஸ் மேடையில் ‘சித்தி’ என்றதும் இங்கே எல்லாரும் அவருக்குச் சொந்தக்காரர் ஆனோம். ஜமெய்க்கா அப்பாவையும், கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கிய ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் அவர் படித்ததையும் யாரும் பேசவில்லை. பறங்கிப் பையனைக் கட்டிய சொந்த மச்சாளுக்குக் கல்யாணக் கார்ட் அனுப்பாத வீடுகளிலும் அன்றைக்குப் பெருமைக்குக் குறைவில்லை.

என்ன எழுதலாம் என்று கேட்டால், பிள்ளையைத் தரம் ஒன்றில் சேர்க்கும் வருடத்தைப் பாருங்கள். தமிழ் மொழிமூலமா, சிங்கள மொழிமூலமா, சமய பாடம் எது? விண்ணப்பத்தில் ஒன்றைத்தான் எழுதலாம். அதுவரை கனுதெனுவும் கைவிசேஷமுமாகச் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் திடீரென்று வீட்டுக்கு வந்துபோகத் தொடங்குவது அப்போதுதான்.